நின்ற மோட்டாரை விடாமல் ஓட்டினேன்

குளச்சலில் மீன்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் மெஷின் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு காலை, நான்கு முறை போட்டும் மோட்டார் உடனே நின்றுவிட்டது. வள்ளங்கள் கரையேறிவிட்டன, வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். பொறுமையிழந்து, ஸ்டார்ட்டருக்குள் இருந்துகொண்டு, பளு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயின் திருகைக் கூட்டி வைத்தேன். மெஷின் நிற்காமல் ஓடியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை! சற்று நேரத்தில் கருகும் வாடை. பதறிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

ஓடிவந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், மெஷினுக்குள் இறுகச் சுற்றியிருந்த சாக்கை உருவிக் காட்டினார். "மக்கா, ரிலே நாலு மட்டம் சொல்லியும் நீ கேட்டியா? அதுக்க வாயப் பொத்திட்டியே!"

வரிசையே சிரித்தது; நானும்தான். நல்லவேளை, மோட்டார் தப்பியது.

இப்போதெல்லாம் மெஷின் நின்றால் மெயினை அணைத்துவிட்டு, உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். திருகைத் தொடுவதே இல்லை.