முயல் தண்ணீரில் ஒரு மூடி வினிகர்

பிராணித் தீவனக் கடைக்குத் தீவனம் வாங்க வருகிறவர்களைவிட ஓசியில் வைத்தியம் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் எட்டு வருஷமாக இப்படி ஒரு கடையை நடத்திக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தேன். காலர் ஒரு நாளும் திரும்பி வந்து என்னிடம் கேள்வி கேட்டதில்லை. மருந்துக்கடை, உரக்கடை, நாட்டு மருந்துக்கடை என்று எதை வைத்திருந்தாலும் நீங்களும் என் கட்சிதான், சொல்லாமலே புரியும். முயலின் குடிதண்ணீரில் ஆப்பிள் சிடர் வினிகர் ஊற்றுகிற பழக்கம் எங்கள் ஊருக்கு வந்த கதை இது. பாதி சிரிக்கலாம். மீதியில் ஒரு முயலின் உயிர் ஊசலாடியது, அதுவும் நான் விற்ற பாட்டிலால்.

ரயில் வண்டியில் வந்தது

தங்கவயலில் பாதிப் பேர் விடிவதற்குள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். புது ஹேர்கட், புது செல்போன், புது வியாதி எல்லாம் அந்த வண்டியில்தான் வந்து இறங்கும். வினிகரும் அப்படித்தான் வந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிற சதீஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆப்பிள் சிடர் வினிகர் இருக்கிறதா என்றான். முயல் குடிக்கிற தண்ணீரில் ஒரு மூடி ஊற்றினால் மூத்திர நாற்றம் போகுமாம், ரோமம் மின்னுமாம், உண்ணி ஒட்டாதாம். ரயில் சிநேகிதன் ஒருவன் சொன்னானாம்.

என்னிடம் இல்லை என்றேன். அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். வியாபாரிக்கு மூன்றாவது ஆள் கேட்டதும் ஞானம் வந்துவிடும். அடுத்த வாரமே ஒரு பெட்டி வரவழைத்தேன். பாட்டிலில் ஆப்பிள் படம் இருந்தது, முயல் படம் இல்லை. எவ்வளவு தண்ணீருக்கு ஒரு மூடி என்று சதீஷையே கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை, ஆனால் கவலையும் இல்லை.

"பெங்களூர்ல எல்லாரும் ஊத்துறாங்கக்கா, சக்கத்தா, சூப்பரா இருக்குதாம். நாம மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?"

கோபி வண்டி வீட்டு முயல்

சாந்தியின் புருஷன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கோபி மஞ்சூரி வண்டி போட்டிருக்கிறார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சாந்தி, வீட்டில் கேன் கேனாக வினிகர் இருக்கும்போது இதை எதற்கு வாங்க வேண்டும் என்று வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் முயலை ஒரு மார்க்கெட் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டியில் ஊற்றுகிற வெள்ளை வினிகரை அப்படியே தண்ணீரில் கலந்திருக்கிறாள். முயல் மோந்து பார்த்து நாலு தும்மல் போட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டதாம். நான் பார்த்த அளவில் அதற்குக் கோபத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை. வெறும் தண்ணீரைக் காட்டினேன், மடமடவென்று குடித்தது. சாந்திக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஊரே க்யூல நின்னு துன்னுதுக்கா, இதுக்கு மட்டும் இன்னா கொழுப்பு?"

நாற்றம் போகாத வீடு

ஆண்டர்சன்பேட்டையில் டியூஷன் எடுக்கிற டீச்சர் ஒருவர் போன் செய்தார். பாட்டிலில் பாதி தீர்ந்தும் நாற்றம் போகவில்லை, நான் போலிச் சரக்கு விற்றுவிட்டேன் என்றார். போலி என்ற சொல் காதில் விழுந்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூண்டின் அடித்தட்டில் மூன்று வாரத்துச் சரக்கு அப்படியே அடுக்கடுக்காக இருந்தது. இதைக் கழுவினீர்களா டீச்சர் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். புரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"கழுவுற வேலையே இருக்கக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட மருந்து வாங்கினேன்?"

மூன்று ஷிப்ட்

ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கிற ஏகாம்பரம் பெரியவர் அந்தக் காலத்தில் சுரங்கக் குழியான ஷாப்ட் வாயில் நின்று, ஆட்களைக் கொண்டுபோகிற கேஜ் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் மணியடித்து சிக்னல் கொடுத்தவர். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர் வீட்டில் மட்டும் ஷிப்ட் மூடவில்லை. மருமகள் கலைச்செல்வி விடியற்காலையில் ரயிலுக்குக் கிளம்புகிறாள், அது பர்ஸ்ட் ஷிப்ட். மதியம் பெரியவர். மகன் ரமேஷ் ராத்திரி வேலைக்குப் புறப்படுமுன் மூன்றாவது. தண்ணீர் பிடிப்பது, பால் காய்ச்சுவது, முயலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கும். முயலின் பெயர் பூரி. வெள்ளையாக, உப்பலாக, பெயருக்கேற்றபடி இருக்கும். சம்சாரம் போன பிறகு பெரியவர் மனுஷர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தார். தூசி தின்ற நுரையீரல் அவருக்கு. நாலு வார்த்தை பேசினால் இருமல் வரும். பூரியோடு பேசும்போது மட்டும் வராது என்று கலைச்செல்வி சொல்லுவாள்.

பாட்டிலை வாங்கிப் போனது கலைச்செல்வி. "தண்ணீரில் ஒரு மூடி" என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு மூடியா, ஒரு ஷிப்டுக்கு ஒரு மூடியா என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காலையில் அவள் ஒரு மூடி ஊற்றினாள். மதியம் பெரியவர் ஒரு மூடி, சாயங்காலம் ரமேஷ் ஒரு மூடி. புளிப்பு தாங்காமல் பூரி குடிப்பதை நிறுத்திவிட்டது. கிண்ணம் குறையவே இல்லை. ரொம்பி நிற்கிற கிண்ணத்தைப் பார்த்த ஒவ்வொருவரும், முந்தின ஷிப்ட் ஆள் தண்ணீர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு மூடியை மட்டும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மதியம் பூரி தீனியைத் தொடாமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கி உட்கார்ந்துவிட்டது. பெரியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் நேராக என் கடைக்கு வந்தார்.

"மணியடிச்சு கேஜையே நிறுத்துனவம்மா நானு. இது எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரில."

டாக்டர் கேட்டது

முயலின் வயிறு ஒரு நாள் ஓடாமல் நின்றாலே ஆபத்து. எட்டு வருஷத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கடையை அடைத்துவிட்டு அதே ஆட்டோவில் பங்காருபேட்டைக்குப் போனோம், அங்கே முயல் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார். வழி நெடுக பெரியவர் பூரியின் காதையே தடவிக்கொண்டு வந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. முயல் போய்விடுமே என்பதைவிட, அது போனால் இந்த மனுஷர் வீட்டில் யாரோடு பேசுவார் என்றுதான் பயம்.

டாக்டர் தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார், வயிறு ஓட மருந்து கொடுத்தார். அரைத்த கீரையை ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார். வினிகரால் முயலுக்கு நடக்கிற நன்மை எதையும் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குள் புழுக்கை போட்டால் பிழைத்துக்கொள்ளும், போடாவிட்டால் தன் கையில் இல்லை என்றார். தண்ணீர் ஒழுங்காகக் குடித்ததா என்று அவர் கேட்டபோது, கிண்ணம் எப்போதும் ரொம்பித்தான் இருந்தது என்று பெரியவர் பெருமையோடு சொன்னார்.

"ரொம்பி இருந்தா குடிக்கலன்னு அர்த்தம் அய்யா."

எண்ணிப் பார்த்தது

மறுநாள் காலை கடையைத் திறந்தேனே தவிர வியாபாரத்தில் புத்தி போகவில்லை. லவ் பேர்ட்ஸுக்குத் தினை கேட்டவருக்கு மீன் தீனியை நிறுத்துக் கொடுத்தேன். பெரியவருக்கு போன் செய்ய தைரியம் வரவில்லை. தங்கவயல் மொத்தத்தில் அன்று ஒரு புழுக்கைக்காக சாமியைக் கும்பிட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்பது மணி சுமாருக்குக் கலைச்செல்வியிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு லேட்டாக ஓடிய ரயிலில், கூட்டத்தில் நின்றபடி கத்தினாள். பின்னாலேயே யாரோ கைதட்டுகிற சத்தமும் கேட்டது, பெட்டியில் எல்லாருக்கும் ஏற்கெனவே கதை தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, போட்டுடுச்சுக்கா! மாமா இப்பதான் போன் பண்ணாரு, எண்ணிட்டாராம், பதினொண்ணு!"

நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். தினை கேட்டவர் மீன் தீனியைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றுகொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாமா அழுவாங்க? மாத்திக் குடுத்தா போச்சு."

விரலில் ஒரு சொட்டு

பத்து நாள் கழித்துப் பெரியவர் கடைக்கு வந்தார். பூரி கொத்தமல்லிக் கட்டை முழுசாகத் தின்கிறதாம், வீட்டில் வினிகர் ஷிப்ட் ரத்தாம். மீதி பாட்டிலை மேஜையில் வைத்தார். சண்டை போட வந்தவர் மாதிரி தெரியவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த குட்டி முயல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூண்டில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலின் மூக்கை விரலால் தட்டி, விழுந்த சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாமா, உன் முயலுக்குப் பச்சத் தண்ணியா?"

ஆமாம் என்றேன். ஏன் என்றார். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. பெட்டி வந்த அன்றே என் முயல்களுக்கும் ஒரு மூடி ஊற்றிப் பார்த்தேன், மோந்து பார்த்துவிட்டு ஒன்றுகூடக் குடிக்கவில்லை, சாயங்காலமே கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு மறுநாள் விற்றதுதான் கலைச்செல்வியின் பாட்டில் என்பதையும் சொன்னேன். பெரியவருக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், கணக்கை நேர் செய்கிறவர் மாதிரி சொன்னார்.

"எங்க வூட்ல மூணு ஷிப்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லாம வுட்டுச்சு, அது எங்க தப்பு. அதுக்கு முந்தின ஷிப்ட் நீதானேம்மா?"

மிச்சமிருந்த பாட்டில்களை அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டேன், இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் முதலில் என் முயல் அதைத் தொட்டதா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன், அதனால் கடையில் கேள்வியும் குறைந்துவிட்டது, வியாபாரமும் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது.