திருப்பி எறியக் கூடாத ஆரஞ்சு

பான்ஷ் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினான்கு மாதத்தில் மாமனார் ஒக்தாவ், மருமகள் வீர்லேயை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகனிடம் பேசும்போது ‘அந்தக் கடற்கரைப் பொண்ணு’ என்பார். நேரில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு வசவாவது வைதிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். ஒருநாளாவது அவர் வாயில் தன் பெயர் வர வேண்டும் என்று வீர்லேவுக்கு ஆசை.

அவள் கடலோர ஊரான ஒஸ்தெண்ட்காரி. மீன் ஏலக்கூடத்தில் எடை போடும் வேலை. சாயங்காலம் ஹேண்ட்பால். பதினோரு வருஷம் ஊர் அணிக்கு கோல்கீப்பர். அவள் வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதிக்க வந்த ஒக்தாவின் மகன் ஃபாப்ரிஸ், இரண்டு நாள் வேலையை ஒன்பது நாளாக இழுத்து, கடைசியில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினான். அவள் ஒருநாள் அவனைக் கடற்கரைக்கே கூட்டிப் போய்விடுவாள் என்பதுதான் ஒக்தாவின் பயம். ஊரைவிட்டுப் போனவன் ஊர்த் திருவிழாவில் ஜீல் வேஷம் கட்டி ஆட முடியாது. அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஆண்கள் எல்லாரும் ஜீல். அவரே ஒரு குழுவுக்குத் தலைவர்.

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடக்கும் அந்தத் திருவிழாவுக்காக வீர்லே பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். ஃபாப்ரிஸின் அக்கா ஜிஸ்லேன் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். மேளம் கூட வராமல் ஜீல் தெருவில் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. தெருவில் உட்காரக் கூடாது. மெழுகு முகமூடி காலையில் மட்டும். இறகுத் தொப்பி மத்தியானத்துக்கு. மொத்தம் பத்தொன்பது விதிகள். ஃபாப்ரிஸ் வேஷத்தின் லேஸ் கழுத்துப் பட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டாள்.

அன்று விடிவதற்குள் வேஷம் கட்டிவிடுகிற ஆள் வந்து ஃபாப்ரிஸின் சட்டைக்குள் முன்னும் பின்னும் வைக்கோலைத் திணித்தான். கட்டிப் பிடித்தால் வைக்கோற்போரைக் கட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குச் சிப்பியும் ஷாம்பெயினும். சிப்பி திறப்பதில் அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? எழுபத்திரண்டு சிப்பிகளைக் கால் மணி நேரத்தில் திறந்து வைத்தாள். ஒக்தாவ் அவள் கத்தியைப் பார்த்தார். எட்டுச் சிப்பி சாப்பிட்டார். மேளம் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் அவள் ஜிஸ்லேனின் முடிதிருத்தும் கடை வாசலில் நின்றாள். ஜீல்கள் வீசும் ஆரஞ்சு பட்டு உடையாமலிருக்க, தெருவில் எல்லா ஜன்னலுக்கும் கம்பிவலை. கடையின் பெரிய கண்ணாடிக்கும் வலை அடித்திருந்தார்கள். மேளச் சத்தம் நெருங்கியது. ஆளுயரத்துக்கு வெள்ளை இறகுகள் ஆட, மரக்காலணிகளால் கல்தரையைத் தட்டிக்கொண்டு ஜீல்கள் வந்தார்கள். கையில் ஆரஞ்சுக் கூடை. முன்னால் ஒக்தாவ். மகள் கடையைப் பார்த்ததும் ஒரு பழத்தை எடுத்து வீசினார்.

வீர்லேயின் இடது கை அதைப் பிடித்தது. பிடித்த கையோடு பந்தைத் திருப்பி எறிவது பதினோரு வருஷப் பழக்கம். ஆரஞ்சு நேராகப் போய் ஒக்தாவின் வைக்கோல் மார்பில் பொத்தென்று விழுந்தது.

அடி படவில்லை. ஆனால் தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒக்தாவ் முகம் சிவக்க, அவளைப் பார்க்காமல் நடந்தார்.

ஜிஸ்லேன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “என்ன காரியம் பண்ணித் தொலைச்சே? ஜீல் குடுக்கிற ஆரஞ்சு வரம் மாதிரி. திருப்பி எறிஞ்சா அவர் முகத்துல துப்புன மாதிரி.”

“எனக்கு யாரும் சொல்லலையே அக்கா.”

“இதையெல்லாம் சொல்லித் தருவாங்களா? மூச்சு விடணும்னு உனக்கு யார் சொல்லித் தந்தா?”

எதிர்க்கடைக் கறிக்காரர் மனைவி லூசியேன், ஒஸ்தெண்டில் வரத்தையும் எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் போல என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். வீர்லேவுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் காற்றில் கடை வலையின் மேல் ஆணி பிடுங்கிக்கொண்டு, வலை முழுக்கத் தரையில் சரிந்தது. திரும்ப அடிக்க நேரமில்லை. அடுத்த குழு வந்துவிட்டது. இளவட்டம் ஒருவன் எறிந்த ஆரஞ்சு கண்ணாடியை நோக்கி வந்தது. வீர்லே தாவிப் பிடித்தாள். அடுத்ததையும் பிடித்தாள். பிடித்ததை ஜிஸ்லேனிடம் கொடுத்தாள். அவள் அதைக் கடைத் துண்டுகள் போடும் கூடையில் சேர்த்தாள். கை எறியப் பார்க்கும்போதெல்லாம் வீர்லே பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் முழங்கால் சிராய்த்தது, காலுறை கிழிந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. லூசியேன் தன் வாசலை விட்டுவிட்டுப் பழங்களை எண்ண வந்துவிட்டாள்.

சதுக்கத்தைச் சுற்றிவிட்டு ஒக்தாவின் குழு அதே தெருவழியே திரும்பியது. கீழே கிடந்த வலையைப் பார்த்தார், முழுசாக இருந்த கண்ணாடியைப் பார்த்தார், மருமகளின் முழங்காலைப் பார்த்தார். மேளம் நிற்கவில்லை, அவர் நின்ற இடத்திலேயே ஆடினார். பிறகு ஓர் ஆரஞ்சை எடுத்து, வலுவாகவே வீசினார்.

பிடித்தாள். கை தோளுக்கு மேலே போனது. ஜிஸ்லேன் கண்ணை மூடிக்கொண்டாள். வீர்லே அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து இறக்கி, ஆரஞ்சை மார்போடு வைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோங்க மாமா. இது கோல்கீப்பர் கை. சொன்ன பேச்சு கேக்காது.”

ஒக்தாவ் கூடைக்குள் கைவிட்டார்.

“வீர்லே,” என்றார். “மேல் மூலைக்கு ஒண்ணு வருது. பிடி பாப்போம்.”

எகிறி, விரல் நுனியில் பிடித்தாள். தெரு கைதட்டியது. அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஃபாப்ரிஸ் மூன்றாவது வரிசையில் வைக்கோல் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு எல்லாரும் உட்கார்ந்து நூற்றுப்பன்னிரண்டு ஆரஞ்சுகளை ஜாமுக்கு உரித்தார்கள். வலை கிழிந்துவிட்டது, அடுத்த வருஷத்துக்குப் புதுசு வாங்க வேண்டும் என்றாள் ஜிஸ்லேன்.

“வலை எதுக்கு?” என்றார் ஒக்தாவ், தோலை உரித்தபடி. “அதான் வீர்லே இருக்காளே.”