வேம்பாரில் என் மகள் கேட்ட கேள்விகளும் கமிட்டித் தலைவர் சொன்ன பதில்களும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மகள் செல்வியோடு ஆத்தூரிலிருந்து வேம்பார் என்ற மீனவர் ஊருக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, அவளுடைய ஆராய்ச்சிக்குத் துணையாக. நான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவன். எழுத்துக் கூட்டப் பழகியது சென்ற ஆண்டு மாலை வகுப்பில்தான். அதனால் மெதுவாக எழுதுகிறேன், சந்தோஷமாகவும் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார வைத்தது கோபம்.

செல்வி சமூகவியல் படித்தவள். ஆத்தூர்ப் பள்ளிக்கூடம், திருநெல்வேலிக் கல்லூரி, பிறகு சென்னை, அதன்பின் ஜெர்மனி. பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போகிறவர்களையும், உலகச் சந்தை ஒரு வீட்டு அடுப்படி வரை வந்து என்ன செய்கிறது என்பதையும் ஆராய்கிறாள். "இதப் படிச்சு என்னத்தக் கண்டா?" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போன ஆண்களின் மனைவிமார் பேசினால்தான் அவளுடைய புத்தகம் முடியும். முன்பு இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

தூத்துக்குடியில் பஸ் மாற வேண்டும். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வழி நெடுக உப்பளம்.

ஊர்க் கமிட்டித் தலைவர் அனுமதி தந்தார். அவரும் பஹ்ரைனில் பதினோரு வருடம் இருந்தவர்தான். ஒரு வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் நாற்காலி போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டுக்காரர் போன பெறகு, வீட்டுல முடிவெல்லாம் யாரு எடுக்கா?" என்று செல்வி ஒரு பெண்ணைக் கேட்டாள்.

தலைவர் பதில் சொன்னார். "போன்ல அவன் சொல்லுதான், இவ செய்யுதா. ஒரு கொறையும் கெடையாது. எழுதிக்கோம்மா."

அடுத்த பெண்ணுக்கும் அவரே. ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கும் அவரே. இவ்வளவு படித்த பிள்ளை பேனாவைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனால் சண்டை போட்டால் மூன்றாவது தடவையும் வெறுங்கைதான்.

"அண்ணாச்சி, நான் இப்பத்தான் வாசிக்கப் பழகுதேன். கரையில படகுப் பேரெல்லாம் வாசிக்கணும்னு ஆச. தப்புனா திருத்த ஒரு ஆளு வேணும்" என்றேன்.

"அதுக்கென்ன, வாங்க" என்று பெருமையாக எழுந்தார்.

ஒரு படகையும் நான் விடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.

"அண்ணாச்சி, நம்பரையுமா வாசிக்கணும்? வெயிலு மண்டையப் பொளக்கு" என்றார் தலைவர்.

"நம்பர்லதான் எனக்குத் தடுமாத்தம்" என்றேன். அது உண்மையும்கூட.

திரும்பி வந்தபோது மற்ற பெண்கள் பேசி முடித்துப் போயிருந்தார்கள். ஒருத்தி மட்டும் செல்வியிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தலைவரின் மனைவி.

"ஏளா, நீ என்னத்தச் சொன்ன?"

"நீங்க இல்லாத பதினோரு வருசம் எப்படி இருந்தேன்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லியே?"

"நீங்க கேக்கலியே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

இந்த வேலையாகப் போகிறவர்கள் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு ஆண் பதில் சொன்னால், அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆளையும் துணைக்கு அழைத்துப் போங்கள். வேம்பாரில் படகுகள் நிறைய இருக்கின்றன.