கிருமிகளுக்கு ஒரு கங்காணி

பதுளை ஆய்வுகூடமொன்றில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு கழுவ வருமுன், பவளக்கொடி இருபது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். படித்தவர்களைக் கண்டு வாய்பொத்தும் பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. 2004இல் ஒருநாள், அங்கே ஆராய்ச்சி செய்த யாழ்ப்பாணத்து டொக்டர் கஜரூபன் ஒரு தட்டைத் தூக்கிக்காட்டிச் சந்தோஷத்தில் குதித்தார்.

“சீன மூலிகைச் சாறு விட்டனான். கிருமி சாகேல்லை, ஆனா ஒண்டோட ஒண்டு கதைக்கேலாது. கதைக்காட்டி, கூட்டாச் சேர்ந்து நோய் குடுக்கவும் ஏலாது!”

“இதுக்கா இம்புட்டுப் படிப்பு? எங்கள வேலை வாங்குன கங்காணியும் வாயாடிங்கள நிரைக்கு ஒருத்தியா பிரிச்சுத்தான் விட்டாரு.”

“பிறகு?”

“கொழுந்து நிறுக்கிற எடத்துல பேசிக்கிட்டோம். மறுநாள் ஒருத்தியும் வேலைக்குப் போகல.”

டொக்டர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். பவளக்கொடி அடுத்த தட்டைத் தேய்த்தாள்.

“ஒங்க கிருமிக்கும் கொழுந்து நிறுக்கிற எடம் ஒண்ணு இருக்கும். தேடுங்கய்யா.”