அட்டையால் மறைத்த டிவி

மூன்று வருஷம் இருக்கும், நல்ல சித்திரை வெயில். நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடியோ கேம் சாமான் விற்கும் கடை ஒன்றில் நான் சேல்ஸ்மேன். எங்கள் புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்போம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்; பசி வேறு. அந்த நேரம் பார்த்து ஒரு அப்பாவும் மகளும் குனிந்து உள்ளே வந்தார்கள். மகளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி, கையில் வெள்ளைக் குச்சி.

கன்சோலா, கேமிங் கம்ப்யூட்டரா என்று முடிவுபண்ண முதலியார்பேட்டையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். கேட்க வேண்டுமா? அப்பாவைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் படம் எவ்வளவு துல்லியம், கலர் எப்படி மின்னும் என்று அளந்துகொண்டே போனேன்.

“என்னக் கேக்காதீங்க தம்பி, வெளையாடப் போறது இவதான்” என்றார் அவர்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. அந்தப் பெண்ணுடைய தம்பி பிரான்சுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். இங்கே இருந்தவரை ஸ்க்ரீனில் வருவதையெல்லாம் அவன்தான் படித்துச் சொல்வானாம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் அவனோடு சண்டை கேம் ஆட வேண்டும்.

“யாரையும் கூப்புடாம நானே கேமுக்குள்ள போவணும், நானே ஆடணும்ணா. அதுக்கு எது சரிப்படும்னு பாக்கணும். தெருச் சத்தம் இருக்காதுன்னுதான் சாத்துற நேரமா வந்தோம்.”

முதலில் கம்ப்யூட்டர். கேம் திறக்கும் முன்னால் ஸ்க்ரீனில் ஏதோ ஒரு எழுத்துப் பெட்டி வந்து ஊமையாக நின்றது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அடுத்து கன்சோல். “செட்டிங்ஸ்ல படிச்சுச் சொல்ற வசதி இருக்கும், அத மட்டும் போட்டுக் குடுங்க” என்றார். இரண்டு வருஷமாக அதை விற்றுக்கொண்டிருந்தேன், அதற்கு வாய் உண்டென்றே எனக்குத் தெரியாது! தேடிப் போட்டேன். அது பேசப் பேச, அவர் தானாகவே கேமுக்குள் போய் தன் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, “வாங்கண்ணா, ஒரு ஆட்டம்” என்றார்.

விட்டுக்கொடுத்து ஆடலாம் என்று நினைத்தேன். முதல் அடி விழுந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. தோற்றேன். மறுபடியும் தோற்றேன். “இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே டிவியை மறைக்கச் சொன்னார் அந்தப் பெண். அப்பா ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து டிவியை மறைத்துப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்டபடி பட்டனை அமுக்கினேன். அரை நிமிஷத்தில் கதை முடிந்தது.

“நான் எங்க நிக்கறேன்னு எப்படிங்க தெரியுது?”

“நீங்க குதிச்சு எறங்குறப்ப ரெண்டு காலும் சேந்து சத்தம் போடுதே. எடது பக்கம்தான் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலியா?”

அந்த கேம் நாள் முழுக்க ஓடும் கடையில் நிற்கிறவன் நான். அப்படியொரு சத்தம் இருப்பதே தெரியாது.

கன்சோலைத்தான் வாங்கினார். பெட்டியை அப்பாவிடம்கூடத் தராமல் தானே அணைத்துக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை அப்பா கடைக்கு போன் பண்ணினார். “நேத்து சாயங்காலம் பூரா நான் சும்மாதான் தம்பி உக்காந்திருந்தேன், அவ ஒரு தடவகூட என்னக் கூப்புடல” என்றார்.

இன்றும் மதியம் ஷட்டரை இறக்கியதும் சில நாள் அந்த கேமைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி எத்தனையோ பேருக்கு விற்றுவிட்டேன், அவருக்குக் கேட்ட அந்தக் காலடி மட்டும் எனக்கு இன்னும் கேட்கவில்லை.