தொடாத முட்டை

நர்சிங் கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘முட்டை மேம்’. என் காதுபடச் சொல்ல மாட்டார்கள், ஆனால் தெரியும். அழற்சியும் காயம் ஆறுவதும் என்ற பாடத்தை நான் நடத்தும் விதத்தால் வந்த பெயர் அது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி, கடைசியாக அந்த இடம் வேலை செய்யாமல் போவது என்று ஐந்து அடையாளங்களையும் வகுப்பே சேர்ந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், இதெல்லாம் நோய் இல்லை, உடைந்த இடத்தைப் பழுது பார்க்க உடம்பு ஆள் அனுப்பியிருக்கிறது என்பேன். வேலைக்கு வந்த ஆளுக்குச் சோறு போட வேண்டாமா? புரதம் இல்லாமல் புதுச் சதை எங்கிருந்து வளரும்? அங்கிருந்து நேராக முட்டைக்கு வந்துவிடுவேன்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டையைப் பற்றிப் பாடம் எடுப்பது வேடிக்கைதான். லாரி லாரியாக வெளியூருக்கு முட்டை அனுப்புகிற ஊர் இது. ஆனால் இங்கே ஆபரேஷன் ஆனவர்களுக்கு மட்டும் முட்டையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். கரப்பான் பண்டமாம், புண் சீழ் பிடிக்குமாம். குழைந்த சோறும் மிளகு ரசமும்தான் பத்தியம். ஒருமுறை முதலாமாண்டுப் பெண் ஒருத்தி எழுந்து, “எங்கூட்லயும் குடுக்க மாட்டாங்க மேம், சீழ் வெக்குமுங்க” என்றாள். “அப்போ அந்த யூனிஃபார்மைக் கழட்டி வெச்சுட்டு ஊருல போய் வேப்பிலை அடி” என்று சொல்லி, வகுப்பு முடியும்வரை அவளை நிற்க வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று என் பேச்சின் மீது பெருமையாகக்கூட இருந்தது.

போன வருஷம் எனக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. கட்டி வளர்ந்து, மாதாமாதம் ரத்தம் கொட்டி, தள்ளிப்போட முடியாமல் எங்கள் கல்லூரி மருத்துவமனையிலேயே படுத்தேன். கூட இருக்க அக்கா வந்தாள். மோகனூர்ப் பக்கம் மாமாவுக்குக் கோழிப்பண்ணை. உடைந்த முட்டைகளையெல்லாம் வருஷக்கணக்காக எனக்குக் கொடுத்தனுப்பியவள் அவள்தான்.

சோறு சாப்பிடலாம் என்று சொன்ன அன்று மத்தியானம் தட்டில் ஓர் அவித்த முட்டை வந்தது. அக்கா அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“இது வேண்டாம் அம்மிணி. அடிவயித்துல தையலு. கரப்பான் ஏறிக்கிச்சுன்னா ஆரு பாக்கறது?”

“உங்க பண்ணையே முட்டையிலதானக்கா ஓடுது?”

“அது விக்கறதுக்கு. புண்ணுக்காரி திங்கறதுக்கா?”

நான் சிரித்திருக்க வேண்டும். வகுப்பில் பேசுவதை அவளிடமும் பேசியிருக்க வேண்டும். போர்வைக்குள் என் கை கட்டின் மேல் இருந்தது. அந்த இடம் கதகதவென்று சுட்டது. ஆபரேஷன் ஆன புதிதில் சூடு இருக்கத்தான் செய்யும், அது நல்லதுக்குத்தான் என்று நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் சுட்டது என் வயிறு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? கரப்பான் கதையில் எனக்கு நம்பிக்கைகூட இல்லை, வெறும் பயம்தான். ஒருவேளை அக்கா சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ற பயம். தட்டைத் தள்ளி வைத்தேன்.

அதன்பிறகு தினமும் அந்த முட்டை அக்காவின் முந்தானையில் ஏறி வார்டு ஆயாவிடம் போனது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொரு கட்டிலாகச் சாப்பாடு விசாரித்துக்கொண்டு வருவார்கள். என் கட்டிலுக்கு வந்தவள், நான் அன்று நிற்க வைத்த அதே பெண். இப்போது கடைசி வருஷம்.

“மேம், முட்டை சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு, ஆச்சு” என்பேன்.

பக்கத்துக் கட்டிலில் பள்ளிபாளையத்துப் பெண் ஒருத்தி. தறி ஓட்டுகிறவள். எனக்குச் செய்த ஆபரேஷன்தான் அவளுக்கும். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள், ரத்தம் போதாமல் ஏற்றிய பிறகுதான் கத்தியே வைத்தார்கள். துணைக்கு மாமியார். முதல் நாள் அந்த மாணவி பக்கத்தில் உட்கார்ந்து பேசிப்பேசி அவளை முட்டை சாப்பிட வைத்துவிட்டாள். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. “நல்லாருந்துச்சுங்க டீச்சர்” என்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் அவள் முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என் தட்டைப் பார்த்தாள். அக்கா முந்தானையில் முடிவதையும் பார்த்தாள். பிறகு தன் முட்டையை மாமியாரிடம் நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவளும் தொடவில்லை. நான் கவனிக்கவில்லை என்றால் அது பொய். கவனித்தேன். நான் இங்கே டீச்சர் இல்லை, நோயாளி என்று சொல்லிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது அந்தத் திரும்பிப் படுத்தலை நினைத்துத்தான்.

தையல் பிரித்தபோது என்னுடையது கோடு போட்டதுபோல் காய்ந்திருந்தது. அவளுடையது சுற்றிலும் சிவந்து, வீங்கி, ஓரிடத்தில் வாய் பிளந்துகொண்டது. உள்ளே சீழ். தினமும் கட்டு மாற்றி, சுத்தமான பிறகு மறுபடியும் தையல் போட வேண்டும் என்றார் டாக்டர். நாலைந்து முட்டை தின்றிருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தசோகை, வருஷக்கணக்கான அரைவயிறு, உள்ளே போன கிருமி, எல்லாம் சேர்ந்தது. எனக்கு ஆறியதும் பத்தியத்தால் இல்லை. வருஷக்கணக்காகத் தின்ற அக்கா வீட்டு முட்டை என் உடம்பில் இருந்தது. அவளிடம் அப்படி எதுவும் சேர்த்து வைத்தது இல்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுகள் வந்திருந்தன. கட்டு மாற்ற மாணவிகள் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது மாமியார் வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“மொத நாளு ஒரு முட்டையத் தின்னுபோட்டாளுங்க. அதேந்தான் வெனை. டீச்சரம்மாவப் பாருங்க, கையில தொடலை. எப்பிடி ஆறிப்போச்சு!”

டிராலியோடு நின்ற மாணவிகளில், தினமும் என்னிடம் முட்டை விசாரித்த அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவள் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னை யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

“அப்படி இல்லீங்கம்மா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “நான் பயந்துட்டுத் திங்காம இருந்தேன். தின்னேன்னு இந்தப் புள்ளைகிட்டப் பொய் சொன்னேன். இவ உங்க மருமகளுக்குச் சொன்னதுதான் சரி.”

“பயந்ததுனாலதானுங்க உங்களுக்கு ஆறிச்சு” என்றாள் மாமியார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, தட்டில் இருந்த முட்டையை உரித்தேன். வார்டு முழுவதும் பார்க்க ஒரு கடி கடித்தேன். மஞ்சள் கரு தொண்டையில் மாவாக ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன்.

“நீங்களும் சாப்பிடுங்க. உங்களுக்குத்தான் இப்ப ரொம்ப வேணும்.”

அவள் முட்டையைப் பார்த்தாள். பிறகு கட்டு எடுத்துவிட்ட என் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை.

“உங்களுக்கு ஆறிடுச்சுங்க டீச்சர்” என்றாள். “இனி நீங்க தின்னலாமுங்க.”

மாணவி திரையை இழுத்துவிட்டாள். உள்ளே பழைய கட்டைப் பிரிக்கும் சத்தமும், பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முனகுவதும் கேட்டன. மீதி முட்டை என் கையில் இருந்தது. அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.