மீன் பெட்டியில் வைத்த மருந்து

சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மலேசியாவில் புஞ்சாக் ஆலாமில் ஒன்பதாவது மாடி வீடு எங்களுடையது. சமையல் கரண்ட் அடுப்பில். அம்மாவின் இன்சுலின் குளிர்பெட்டியில். எட்டு மணி நேரத்துக்கு நான் எட்டு நாளுக்கான ஏற்பாடு செய்தேன். என் சுபாவம் அப்படி.

கேன் போட்டு எரிக்கும் சின்ன கேஸ் அடுப்பு வாங்கினேன். தண்ணீர்ப் போத்தல்களை ஃப்ரீசரில் நெருக்கி அடுக்கி உறைய வைத்தேன். புரட்டாசி என்பதால் ஃப்ரீசரில் மீன், கோழி எதுவும் இல்லை. அம்மா அதை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தார். மருந்துக்கு மட்டும் தனியாக ஐஸ் பெட்டி. என் வீட்டுக்காரர் தஞ்சோங் காராங் கடற்கரையில் மீன் வாங்கி வருகிற பெட்டிதான் அது. எலுமிச்சை போட்டு மூன்று முறை கழுவினேன். சொன்னால் பஞ்சாயத்து வரும் என்று அம்மாவிடம் மூச்சு விடவில்லை. காலை ஊசியோடு பழைய இன்சுலின் பேனா தீர்ந்தது. புதிய பேனா இரண்டையும் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மதியம் சின்ன அடுப்பில் சாம்பார் கொதித்தது. அம்மா விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். மிகவும் ஏறியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். பேனாக்களைக் காணோம்.

"மருந்து எங்கம்மா?"

"அந்தப் பெட்டில கவிச்சி அடிக்குது. புரட்டாசில அத எப்படி உடம்புல ஏத்துறது? காலையிலயே எடுத்து ஃப்ரீசர்ல வச்சிட்டேன். அங்கதான் சுத்தமா இருக்கு."

என் போத்தல்களுக்கு நடுவே இரண்டு பேனாவும் கட்டியாக உறைந்திருந்தன. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. கிளினிக்கில் தாதி அதை என்னிடம்தான் சொன்னார். மருந்தெல்லாம் என் பொறுப்புதானே என்று நான் அதை அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடியும் இறங்கி ஓடினேன். பக்கத்து மருந்துக்கடையிலும் கரண்ட் இல்லாமல் கதவைச் சாத்தியிருந்தார்கள். பல்கலைக்கழகம் தாண்டி இன்னொரு கடைக்கு வண்டியை விட்டேன். கைப்பேசியிலிருந்த மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி வாங்கினேன். வழியெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மயங்கிக் கிடப்பாரோ என்று வண்டியை விரட்டினேன். நான்தான் காரணம் என்பதும் தெரிந்தது. மாடி ஏறும்போது ஆறாவதில் மூச்சு அடைத்தது. ஒரு நிமிடம் உட்கார்ந்து தாமதிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. அவர் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. சாம்பாரைத் தொடவில்லை. பேனாவை நீட்டினேன். கை நீட்டியவர் நிறுத்தினார்.

"எதுல வச்சிக் கொண்டாந்த?"

"கைப்பையிலதாம்மா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை வருடமாக நான் கொடுத்த சோற்றையும் மாத்திரையையும் அவர் எதுவுமே கேட்காமல்தான் வாங்கியிருக்கிறார்.